திருகோணமலைக் கடலுக்கு எந்தக் கைட் பலகை?

பெரிய பட்டம் ஒன்று இழுக்க, காலில் பலகையோடு தண்ணீர்மேல் ஓடுகிற விளையாட்டுத்தான் கைட். முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் கற்பிட்டிக்குப் போயிருந்தபோது, களப்பில் தண்ணீர் தாம்பாளம் மாதிரி அசையாமல் கிடந்த ஒரு பின்னேரம், ஒருவரிடம் கேட்டு வாங்கி இரண்டு மணித்தியாலம் ஓட்டிப் பார்த்துவிட்டு, அங்கேயே காசைக் கொடுத்து ஒரு கார்பன் பலகையைக் கையோடு கொண்டுவந்துவிட்டேன். 138 சென்ரிமீற்றர் நீளம், 41.5 அகலம், தூக்கினால் பாரமே தெரியாது. அவித்த பனங்கிழங்கைக் கிழிக்கிற மாதிரி அது தண்ணீரை நேராகப் பிளந்துகொண்டு போனதைப் பார்த்த பிறகு எனக்கு வேறொன்றும் ஓடவில்லை. அதே பலகையை நிலாவெளியில் வாடைக்காற்றில் இறக்கியபோது பத்து நிமிடத்தில் விளங்கிவிட்டது. டயருக்கு இறுகக் காற்றடித்த சைக்கிளைக் கிரவல் ரோட்டில் விட்டால் எப்படி இருக்கும்? அப்படி. முதலில் முழங்கால், பிறகு இடுப்பு, கடைசியில் பல்லும் ஆடியது.

குறை என்னில்தான் என்று நினைத்து மூன்று வாடை அதையே ஓட்டினேன். ஓரளவு உண்மையும்தான், அதைப் பிறகு சொல்கிறேன். இந்த வருடம் புதிதாக 136 சென்ரிமீற்றர் பலகை ஒன்று வாங்கினேன், கூடவே நண்பன் ஒருவனுடைய 145ஐ மாதக்கணக்கில் கடன் வாங்கி வைத்திருந்தேன், ஆக மூன்று பலகை கையில். திருகோணமலையில் கைட் ஓடுகிறவர்களை விரல்விட்டு எண்ணலாம்; இருந்தும் "அண்ணை, எந்தப் பலகை வாங்கலாம்?" என்று கேட்கிற தம்பிமார் குறைவில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் இது.

பலகைக்கு முன் கடல். நம்முடைய இடத்தில் இரண்டு காற்று, இரண்டுக்கும் இரண்டு குணம். மார்கழி தொடங்கி மாசி வரை வாடை. வடகிழக்கிலிருந்து வங்காள விரிகுடாவைத் தாண்டித் தடையே இல்லாமல் ஓடிவந்து நிலாவெளி, உப்புவெளி, சாம்பல்தீவுக் கரைகளில் மோதும். காற்று எவ்வளவு தூரம் திறந்த தண்ணீர்மேல் ஓடுகிறதோ அவ்வளவுக்கு அலை வளரும் என்பதால், இந்த வாடையில் தூரத்திலிருந்து உருண்டு வருகிற பெரிய அலையும், அதன் முதுகில் அன்றைய காற்று எழுப்பிய குறு அலையும் ஒன்றாக வரும். கரைக்குக் கிட்ட ஆழம் குறையக் குறைய அவை நிமிர்ந்து நிற்கும். கரைவலைக்காரர் பார்த்துவிட்டு "கடல் பெலம்" என்று வலையை ஏற்றாமல் போகிற நாளில்தான் நாங்கள் கைட்டுக்குக் காற்றடித்துக்கொண்டு நிற்போம். அவர்களுடைய பார்வையில் எங்களுக்குக் கழன்றுவிட்டது.

மற்றது கச்சான். நிலக்கடலையையும் இதே பெயரால்தான் கூப்பிடுகிறோம், அது தனிக் கதை. சித்திரை முடிந்தால் மேற்கே இருந்து சுடச்சுட வீசும். அப்போது நிலாவெளிப் பக்கம் கடல் குளம் மாதிரி வடிவாக இருக்கும். ஆனால் காற்று கரையிலிருந்து கடலுக்குப் போகிற காற்று. கயிறு அறுந்தாலோ காற்று நின்றாலோ உங்களைக் கூட்டிவர அந்தமான் பக்கம்தான் ஆள் தேட வேண்டும், எனவே கூட ஒரு படகு இல்லாமல் அங்கே இறங்கவே கூடாது. நான் கச்சானுக்குக் கிண்ணியாவின் மேற்குக் கரைக்கு, தம்பலகாமக் குடாவைப் பார்த்த பக்கத்துக்குப் போவேன். அங்கே காற்று சில கிலோமீற்றர் தண்ணீர் மட்டும்தான் கடந்து வருகிறது. அலை வளர இடமில்லை. கணுக்கால் உயரம், சில நாள் அதற்குச் சற்று மேலே, ஆனால் ஒன்றோடொன்று நெருக்கி, அரிவாள் பல் மாதிரி. இந்தக் குடாவும் கொட்டியாரக் குடாவும் சேருகிற வாயில் 2009இல் திறந்த பாலம் நிற்கிறது, 396 மீற்றர், அதன் கீழே நீரோட்டம் இழுக்கும். அந்தப் பக்கம் கைட்டோடு கிட்டப் போக வேண்டாம். துறைமுகம், சீனக்குடாப் பக்கம் என்றால் கடற்படையும் விமானப்படையும் இருக்கிற இடம், கேட்காமல் கைட்டைத் தூக்காதீர்கள்.

சரி, பலகைக்கு வருவோம்.

மூன்றையும் சீமெந்துத் தரையில் வரிசையாக வைத்துப் பார்த்தாலே பாதிக் கதை தெரிந்துவிடும். நடு தரையில் தொட, இரண்டு நுனியும் எவ்வளவு மேலே எழும்பி நிற்கிறது என்று நுனிக்குக் கீழே விரலை விட்டுப் பாருங்கள். இதைத்தான் ராக்கர் என்கிறார்கள். என் பழைய கார்பனுக்கு இரண்டு விரல், புதிய 136க்கு மூன்றுக்குக் கொஞ்சம் குறைவு, நண்பனுடைய 145க்கு ஒன்றரைகூட இல்லை, கதவு மாதிரி. தட்டையான பலகை தண்ணீரில் முழு நீளத்துக்கும் படுத்துப் போகும், அதனால் சீக்கிரம் வழுக்கத் தொடங்கும், வேகமும் எடுக்கும், காற்றுக்கு எதிரே ஏறவும் சுகம். ஆனால் எதிரே ஒரு குறு அலை வந்தால் அதன் மேல் ஏறத் தெரியாது, முட்டும். வளைந்த நுனி ஏறிவிடும். இவ்வளவுதான் விசயம், ஆனால் இதைக் கற்பிட்டிக் களப்பில் உங்களால் உணரவே முடியாது, ஏனென்றால் அங்கே முட்ட ஒன்றும் இல்லை.

அடுத்தது நெகிழ்வு. ஒரு நுனியைத் தரையில் ஊன்றி, மற்ற நுனியைக் கையில் பிடித்து, முழங்காலால் நடுவை அமத்துங்கள். கார்பன் அசையாது. புதியது மரக்கருவின்மேல் கண்ணாடி நார் போட்டது, பவ்லோனியா என்கிற மிக இலேசான மரம். நடு இறுக்கமாக, நுனிகள் மட்டும் விட்டுக்கொடுக்கிற மாதிரிச் செய்திருக்கிறார்கள். அடிப்பக்கத்தைத் தடவினால் கால் வைக்கிற இரண்டு இடத்துக்கும் நடுவில் ஒரு மெல்லிய முதுகெலும்பு, வள்ளத்தின் அடிப்பாகம் போல. தட்டையான அடி தண்ணீரை அறைகிற இடத்தில் இது இரண்டு பக்கமும் தள்ளிவிடுகிறது. கடையில் இருக்கிறவர் கார்பனைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார், விலையும் அதற்குத்தான் கூட. இறுக்கமான இலேசான பலகை குதிக்க நல்லது, தட்டையான தண்ணீருக்கு நல்லது. நம்முடைய வாடைக்கு அந்த மேலதிகக் காசு முழங்காலுக்கு நீங்களே கட்டுகிற தண்டம்.

எப்படிப் பரீட்சித்தேன் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதல் நாள் முழுப் பிழையாகச் செய்தேன். என் எடை 74 கிலோ, காற்று 20 நொட்டுக்கு (மணிக்கு இத்தனை கடல்மைல் என்கிற கணக்கு) மேலே, அவ்வப்போது 24 தொடும், கைட் 9 சதுர மீற்றர். பழையதில் முக்கால் மணித்தியாலம், 145இல் அரை மணித்தியாலம், கடைசியாகப் புதியதை எடுத்தால் அது சேற்றில் ஓடுகிற மாதிரி இருந்தது. காசு போச்சு என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். இரவு யோசித்தால்தான் தெரிகிறது: கால் இரண்டும் களைத்துப்போன பிறகு, பின்னேரம் காற்று விழுந்துகொண்டிருந்த நேரத்தில் அதை ஓட்டியிருக்கிறேன். பாவம் அந்தப் பலகை.

அடுத்த நாளிலிருந்து ஒழுங்கு வைத்தேன். அதே கைட், கைட்டைப் பிடித்து ஓட்டுகிற அதே கம்பி, ஒவ்வொரு பலகைக்கும் பதினைந்து நிமிடம், பிறகு முதல் ஓட்டியதையே திரும்ப ஒருமுறை. அந்த இரண்டாவது ஓட்டம் முதலாவதைவிட மிக மோசமாக இருந்தால் காற்றோ காலோ மாறிவிட்டது என்று அன்றைய கணக்கைக் கிழித்துப் போட்டுவிடலாம். மறுநாள் வரிசையைத் தலைகீழாக்கினேன். வேகத்துக்குக் கையில் ஜிபிஎஸ் மணிக்கூடு. ஆனால் என்னுடைய உண்மையான அளவுகோல் மணிக்கூடு இல்லை, தென்னை. வாடை வடக்கே கொஞ்சம் திரும்பி நிற்கிற நாளில் நிலாவெளிக் கரைக்குக் காற்று பக்கவாட்டில் வரும். கரையில் இழுத்துப் போட்டிருந்த ஒரு நீல வள்ளத்துக்கு நேரே இறங்கி, ஆறு தரம் கடலுக்கும் கரைக்குமாகப் போய்வந்து, இறக்கக்கண்டிப் பக்கமாகக் காற்றுக்கு எதிரே எத்தனையாவது தென்னைக்கு நேர் வரை ஏறியிருக்கிறேன் என்று எண்ணுவது. ஏறாமல் காற்றோடு கீழே தள்ளுப்பட்டால் கைட்டைத் தலைக்கு மேலே வைத்துக்கொண்டு மணலில் நடந்துவர வேண்டும். நடக்கிற தூரம் பொய் சொல்லாது.

இப்போது என்ன நடந்தது என்று கேளுங்கள். மணிக்கூட்டில் பழைய கார்பன்தான் வென்றது. ஒவ்வொரு தரமும் அதன் உச்ச வேகம் புதியதைவிட நாலைந்து கிலோமீற்றர் கூட. தென்னைக் கணக்கில் தோற்றது, அதுவும் கிட்டத்தில் இல்லை. புதிய 136இல் ஆறு சுற்று முடிய கரையில் வளைந்து நிற்கிற தென்னை ஒன்றைத் தாண்டி ஏறி நின்றேன். பழையதில் அந்தத் தென்னைக்கு ஏறக்குறைய நூற்றைம்பது அடி வைத்து நடக்க வேண்டிய இடத்தில் கரையேறினேன். வேகமான பலகை பிந்திப்போகிறது, மெதுவான பலகை ஏறிப்போகிறது. மூன்று நாளும் இதே. வரிசையை மாற்றிய நாளிலும் இதே.

ஏன் என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன், பிறகு ஒரு தம்பி கரையில் நின்று கைபேசியில் எடுத்த வீடியோவைப் பார்த்தபோது பிடிபட்டது. பழையதில் நான் ஓடவே இல்லை, அடி வாங்கிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு குறு அலையும் பலகையைத் தூக்கி அறைகிறபோது விளிம்பு தண்ணீரைவிட்டு ஒரு கணம் கழன்றுவிடுகிறது, விளிம்பு கழன்றால் கைட் இழுக்கிற பக்கத்துக்கே பலகை வழுக்கும், கயிறு தொய்யும், நான் பதறிப் பின்னங்காலை ஊன்றி மீண்டும் விளிம்பைப் பிடிப்பதற்குள் அடுத்த அலை. இப்படி நூறு கழன்றல், ஒவ்வொன்றிலும் ஒரு முழம் கீழே. இடையில் அலையில்லாத ஐந்து வினாடியில் அது பறக்கிறதே, அதைத்தான் மணிக்கூடு உச்ச வேகம் என்று பதிந்துவைக்கிறது. புதியதில் உச்சம் இல்லை, ஆனால் கழன்றலும் இல்லை. நுனி அலைமேல் ஏறுகிறது, வளைகிறது, இறங்குகிறது, விளிம்பு பிடித்தபடியே இருக்கிறது, நானும் காலைப் பார்க்காமல் எதிரே வருகிற அலையைப் பார்க்க நேரம் கிடைக்கிறது. ஆகவே குறு அலையில் வேகத்தை வைத்துப் பலகையைத் தெரிவு செய்யாதீர்கள், எங்கே கரையேறினீர்கள் என்பதை வைத்துத் தெரிவு செய்யுங்கள்.

145ஐப் பற்றி நான் எதிர்பார்த்ததும் நடந்தது, எதிர்பாராததும் நடந்தது. 20 நொட்டுக்கு மேலே அது எனக்கு வேண்டவே வேண்டாம். 45 சென்ரிமீற்றர் அகலம், தட்டையான அடி. காற்று புகுந்து தூக்கிவிடும், அறைகிற சத்தம் கரை வரைக்கும் கேட்டதாகச் சொன்னார்கள், விளிம்பில் அமத்திப் பிடிக்க என் எடை போதாது. ஆனால் காற்று 14, 15க்கு இறங்கி, 12 மீற்றர் கைட்டை எடுத்த ஒரு காலை, மற்ற இரண்டிலும் எழும்பி விழுந்துகொண்டிருந்த எனக்கு இது தெய்வம் போல வந்தது. காற்று தளருகிற இடைவெளியிலும் மூழ்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது. மெதுவாக ஓடுவதால் அறையும் குறைவு. பெரிய பலகை குறு அலையில் கெட்டது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வார்கள். குறைந்த காற்றில் மெதுவாகப் போனால் அப்படி இல்லை. அடியின் கடுமை பலகையின் அகலத்தில் மட்டுமில்லை, நீங்கள் எந்த வேகத்தில் அதன்மேல் மோதுகிறீர்கள் என்பதிலும் இருக்கிறது.

கிண்ணியாவில் கதை கொஞ்சம் வேறு. புதியது கச்சானுக்குப் பிந்தி வந்ததால், கச்சானின் கடைசி வாரங்களில் இரண்டு நாள்தான் கிடைத்தது, அதையும் சேர்த்தே சொல்கிறேன். அங்கே அலை உயரமில்லாததால் கார்பனை நன்றாகச் சாய்த்து, இறுக்கி, கைட்டில் சக்தியோடு ஓடினால் அந்த அரிவாள் பல்லை அது அறுத்துக்கொண்டே போகிறது. அதிர்வு இருக்கிறது, கழன்றல் இல்லை. தென்னைக் கணக்குக்குப் பதிலாக அங்கே வலைக்கம்புகளை எண்ணினேன், இரண்டு பலகைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கச்சான் தரைமேலால் வருகிற காற்று, திடீரென்று அடிக்கும், திடீரென்று விடும். விட்ட நேரத்தில் தட்டையான பழையதுதான் கொஞ்ச நேரம் கூட வழுக்கியது. ஆகவே நீங்கள் கிண்ணியாவிலும் தம்பலகாமப் பக்கத்திலும் மட்டும்தான் ஓடுகிறவர் என்றால், தட்டையான பலகை ஒன்று ஏற்கெனவே இருந்தால், புதிதாக வாங்கக் கடன்படாதீர்கள். கால் வைக்கிற மெத்தையை, பாட் என்பார்கள், அதை மட்டும் மாற்றுங்கள். எனக்குப் பழையதில் இருந்த பாட் வெயிலில் காய்ந்து கொட்டாங்கச்சி மாதிரி ஆகியிருந்தது. மொத்தமான மெத்துப் பாட் ஒன்றைப் போட்ட பிறகு குதிங்காலுக்கு வந்த நோவு பாதியாகக் குறைந்தது. இதை மூன்று வருடத்துக்கு முன்னரே செய்திருக்கலாம். சொல்லித்தர ஆள் இல்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

இன்னொரு நாள் கொட்டியாரத்தில், மூதூர்ப் பக்கம். அதை ஒப்பீடு என்று சொல்ல மாட்டேன், முட்டாள்தனம் என்று சொல்வேன். மகாவலி வெள்ளம் வெளியே தள்ளுகிறது, வாடை உள்ளே தள்ளுகிறது, இரண்டும் சந்திக்கிற இடத்தில் அலை நகராமல் எழும்பி எழும்பி விழுகிறது, தண்ணீர் தேத்தண்ணி நிறம், நடுவில் மரக்கட்டை மிதக்கிறது. புதிய பலகையும் அங்கே ஒன்றும் செய்யவில்லை. எந்தப் பலகையும் செய்யாது. இருபது நிமிடத்தில் கரையேறிவிட்டேன், கட்டையில் மோதாமல் வந்ததே பெரிய காரியம்.

எடையைப் பற்றி ஒரு விசயம், கடையில் இருக்கிற அட்டவணை இதைச் சொல்லாது. என்னுடைய 136ஐ 58 கிலோ எடையுள்ள தம்பி ஒருவனிடம் கொடுத்தேன். எனக்கு மெத்தென்று இருந்த பலகை அவனுக்குக் கட்டை மாதிரி இருந்ததாம். யோசித்தால் நியாயம்தான்: பலகையை வளைப்பது நம்முடைய எடையும் கைட்டின் இழுவையும், அவனுடைய எடைக்கு அது வளையவே இல்லை. 90 கிலோவைத் தாண்டிய ஒரு அண்ணை அதே பலகையில் போய்வந்து "இது என்ன தம்பி, ஓலைப்பாய் மாதிரிக் குழைகிறது" என்றார். ஆகவே யாராவது "இந்தப் பலகை குறு அலைக்குத் திறம்" என்று சொன்னால் முதலில் அவருடைய எடையைக் கேளுங்கள். 60 கிலோவுக்குக் கீழே இருக்கிறவர்கள் 132, 133 அளவில், நுனி நன்றாக நெகிழ்கிற ஒன்றைப் பார்ப்பது நல்லது என்பது என் எண்ணம். பாரமானவர்கள் நெகிழ்வை விட்டு ராக்கரைப் பார்க்கலாம். நடு இறுகி, நுனி வளைந்த 140 அளவு.

குதிப்பது எனக்கு இரண்டாம் பட்சம், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கார்பன் தண்ணீரை உதைத்து எழும்புகிற வேகம் புதியதில் இல்லை, உயரம் குறைவுதான். ஆனால் குறு அலையில் நேரம் பார்த்து அலையின் ஏற்றத்தில் உதைத்தால் அந்தக் குறையில் பாதியைக் கடலே தந்துவிடும். இறங்குகிறபோது வித்தியாசம் பெரிது: பழையதில் இறங்கினால் மாடியிலிருந்து சீமெந்தில் குதித்த மாதிரி, புதியதில் மணலில்.

ஃபின், அதாவது பலகையின் அடியில் நீட்டி நிற்கிற சிறு செட்டை, அந்த விசயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், செலவில்லாமல் மாற்றக்கூடியது அதுதான். புதிய பலகையோடு 50 மில்லிமீற்றர் ஃபின் வந்தது. பிடிப்பு நல்லது, ஆனால் திரும்புகிறபோது ஒரு பக்க அலை வந்து ஃபினில் மோதினால் கணுக்காலைத் திருகுகிறது. பழையதில் இருந்த 42ஐக் கழற்றிப் போட்டேன். அந்தத் திருகல் போனது, காற்றுக்கு எதிரே ஏறுவதில் ஒரு தென்னை குறைந்தது. அந்த ஒரு தென்னையை விட்டுக்கொடுத்தேன். காற்று 24ஐத் தாண்டுகிற நாளில் மட்டும் 50ஐப் போடுகிறேன்.

ஃபின் என்றவுடன் ஆணி. பெயர் வேண்டாம், நான் வாங்கிய இடத்திலிருந்து வந்த பெட்டியில் எட்டு ஆணிக்குப் பதில் ஆறுதான் இருந்தது. கேட்டால் பதில் வர ஒரு மாதம். ரவுணில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் அதே அளவில், ஆறு மில்லிமீற்றர், இரண்டை வாங்கிப் போட்டேன். பார்க்கப் பளபளவென்று இருந்தது, இரண்டு கிழமையில் துரு பிடித்து, கழற்றப் போனால் தலை வழுக்கி, கடைசியில் துளைபோட்டு எடுக்க வேண்டியதாகிவிட்டது. கறல் பிடிக்காத ஸ்டெயின்லெஸ்தானா என்று கேட்டு வாங்குங்கள். இன்னொன்று, குறு அலை அதிர்வில் ஆணி தானாகக் கழன்று வரும். ஒவ்வொரு தரமும் தண்ணீரில் இறங்குமுன் திருப்பியால் ஒரு சுற்று இறுக்கிப் பார்ப்பதை நான் இப்போது கும்பிடு மாதிரி விடாமல் செய்கிறேன். சாம்பல்தீவுக்கு நேரே ஒரு ஃபின் கடலுக்குக் காணிக்கையாகப் போன பிறகு வந்த பக்தி.

இந்த வகைப் பலகை இல்லாமல் வேறு வழி இருக்கிறதா என்று கேட்கிறவர்களும் உண்டு. ஹைட்ரோஃபொயில் என்றால் குறு அலை என்கிற பிரச்சினையே இல்லை, பலகை தண்ணீருக்கு மேலே பறக்கிறது, கீழே இறக்கை மட்டும் நீருக்குள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கைட் முதன்முதலாகச் சேர்ந்தபோது மார்செய் கடலில் ஓடியதெல்லாம் இந்த வகைதான். ஆனால் நம்முடைய கரையில் கரைவலைக் கயிறு போகிறது, கிண்ணியாவில் முழங்கால் ஆழத்தில் வலைக்கம்பு நிற்கிறது. கீழே ஒரு முழ நீளத்துக்கும் மேலே தொங்குகிற கூரான இறக்கையோடு அங்கே போக எனக்கு மனமில்லை. வலை கிழிந்தால் நட்டம் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டிக்கு, கெட்ட பெயர் நமக்கெல்லாம். அலைச்சறுக்குப் பலகையில் கைட் ஓடுவது மற்ற வழி. கூர்மூக்கு என்பதால் குறு அலையை வடிவாகப் பிரித்துக்கொண்டு போகும், உப்புவெளியில் ஒருவரிடம் வாங்கி ஓட்டிப் பார்த்தேன், மூன்று பலகையையும்விட முழங்காலுக்குச் சுகம். ஆனால் திரும்புகிற ஒவ்வொரு முறையும் காலை மாற்றி வைக்க வேண்டும். நடுக்கடலில் கால் மாற்றிப் பழகி முடிய வாடை முடிந்துவிடும். பொறுமை இருந்தால் அதுதான் நல்ல தெரிவு என்று ஒப்புக்கொள்கிறேன், எனக்கு இல்லை.

முன்னர் சொன்னேனே, குறை என்னிலும் இருந்தது என்று. புதிய பலகையில் ஒரு மாதம் ஓடிவிட்டுப் பழையதை எடுத்தபோது அது முந்தியதைவிட நன்றாக ஓடியது. பலகை மாறவில்லை, நான்தான் முழங்காலை மடக்கப் பழகியிருந்தேன். பழையதில் அடிக்குப் பயந்து கால் இரண்டையும் விறைப்பாக நீட்டிக்கொண்டு, பின்னால் சாய்ந்து நின்றிருக்கிறேன். விறைத்த கால் அடியை முழுவதுமாக இடுப்புக்கு அனுப்பும். முன்னங்காலை இலேசாக்கி, பின்னங்காலில் கொஞ்சம் பாரம் வைத்து, அலை மேடாக வருகிறபோது முழங்காலை உள்ளே விட்டுக்கொடுத்தால் கார்பன்கூட ஓரளவு பேச்சுக் கேட்கிறது. அப்படியென்றால் புதிய பலகை வீணா என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். அதே காலோடு, அதே காற்றில், திரும்பவும் தென்னை எண்ணினேன்: நூற்றைம்பது அடி வித்தியாசம் அறுபது, எழுபதுக்குக் குறைந்திருந்தது. முழுவதும் மறையவில்லை. இரண்டாவது மணித்தியாலத்தில் அந்த எழுபது திரும்ப நூற்றுக்கு மேலே போனது, ஏனென்றால் கால் களைத்ததும் கார்பன் பழிவாங்கத் தொடங்கிவிடுகிறது, 136 மன்னிக்கிறது.

ஆகவே என் நிலைமை இதுதான். நிலாவெளியில் வாடைக்கு ஓடுகிறவர், வயது முப்பத்தைந்தைத் தாண்டியவர், ஒரே ஒரு பலகைதான் வாங்கலாம் என்றால், வளைவு கூடிய, நுனி நெகிழ்கிற, மரக்கருப் பலகை, கார்பன் வேண்டாம். இருபது வயதில், கிண்ணியாவிலும் வருடத்துக்கு ஒருக்காக் கற்பிட்டியிலும் மன்னாரிலும் ஓடிக் குதிக்கிற ஆசை உள்ளவர் என் பேச்சைக் கேட்காமல் இறுக்கமானதை வாங்குங்கள், முழங்கால் இன்னும் புதிதாக இருக்கிறது. பழக வருகிறவர்கள் முதலில் யாருடையதாவது 145ஐக் கடன் வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து எடுப்பதென்றால் சுங்கத்தில் எவ்வளவு வரும் என்று காசு அனுப்புமுன் கேட்டு வையுங்கள், நான் அனுப்பிய பிறகு கேட்டேன்.

145ஐப் போன கிழமை திருப்பிக் கொடுத்தேன், அந்த 14 நொட்டுக் காலையை நினைத்துக்கொண்டு கொஞ்சம் மனவருத்தத்தோடு. பழைய 138ஐ விற்கிறீர்களா என்று இரண்டு பேர் கேட்டார்கள். ஒருவர் கிண்ணியா, ஒருவர் நிலாவெளி. நிலாவெளிக்காரர் கூடக் காசு தருகிறேன் என்கிறார், கிண்ணியாத் தம்பிக்குக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன், மெத்துப் பாட்டோடு.